இழுவைப் பாதை

தடுப்புக் கம்பிகளுக்கு நடுவே
சைக்கிள் மட்டும் நுழையும் சந்து.
கைப்பிடி உள்ளே போனதும்
பழக்கத்தில் வலப்பக்கம் அண்ணாந்து பார்த்தேன்.
கண்ணாடி இல்லை.
ஓர் ஓக் கிளை இருந்தது,
அதில் ஈரம்.

பத்தொன்பது வருடம், நாற்பது டன்.
ரென் முதல் ரோட்டர்டாம், அங்கிருந்து லியோன்.
பன்றிக்கறி, குளியல் தொட்டி,
ஒருமுறை வண்டி நிறைய
காலியான வயலின் பெட்டிகள்.
முன்கண்ணாடியில் அஸெனோர் என்று பெயர்ப்பலகை.
அதற்குப் பின்னால்
இருக்கையின் வடிவத்துக்கு வளைந்துபோன என் முதுகு.
ஏதாவது மிதியுங்கள் என்றார் டாக்டர்,
பிரேக்கைத் தவிர.

போந்திவி தாண்டினால் பிளவே
தான் ஆறா கால்வாயா என்று
முடிவெடுக்காமலே ஓடும்.
இடக்கைப் பக்கம் தண்ணீர், வலக்கைப் பக்கம் காடு,
இடையில் பொடிக்கல் பரப்பிய இரண்டு மீட்டர்.
லாரி வராது. கார் வராது.
தம்பி கெரியனின் ஓட்டை மொபெட்கூட வராது.

முதல் பத்துக் கிலோமீட்டர்
காது இதை நம்பவில்லை.
தடுப்பணையில் நீர் விழும் சத்தத்தை
மேடு ஏறும் வண்டி என்று எண்ணி
இரண்டு தடவை ஓரம் கட்டினேன்.
பின்னால் வந்த டச்சுக்காரர்கள் இருவர்
என்ன ஆயிற்று என்று நின்றார்கள்.
சங்கிலி, என்றேன்.
எண்ணெய்ப் புட்டியை எடுத்துவிட்டார்கள்.
பொய்க்கும் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டேன்.

இரவு கூடாரத்தில் தூக்கமில்லை.
குளிர்பெட்டியின் உறுமல்தான்
இத்தனை வருடமும் என்னைத் தூங்க வைத்தது போல.
ஆந்தை ஒன்று முயன்றது.
விட்டு விட்டு முயன்றது.

மதகுக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஓர் எண்.
பதினான்காம் எண்ணில் கூல்வென் என்ற மாணவன்,
கோடை வேலைக்கு வந்தவன்,
உள்ளங்கைக் கொப்புளத்தை ஊதிக்கொண்டிருந்தான்.
பெல்ஜியப் படகு ஒன்று கீழே காத்திருந்தது.
மறுகரைச் சக்கரத்தை நான் சுழற்றினேன்.
எத்தனை டன், கேட்டேன்.
பன்னிரண்டு இருக்கும், என்றான்.
தண்ணீர் அதை மேலே கொண்டுவந்தது,
ஒரு கியர் மாற்றாமல்,
படகுக்காரியின் காப்பிக் கோப்பை
கூரைமேல் அசையாமல்.
சொல்ல வெட்கமாக இருக்கிறது,
பொறாமைப்பட்டேன்.

அடுத்த பாலத்தின் கல் மூலையில்
விரல் ஆழத்துக்குப் பள்ளங்கள்.
குதிரைகள் படகை இழுத்த காலத்தில்
கயிறு தின்ற தடம்.
விரலை வைத்தேன்; பொருந்தியது.
என் ஆட்கள்.
என்ன சரக்கு, என்ன கூலி,
மழையில் எங்கே படுத்தார்கள்
என்பதெல்லாம் கல்லில் இல்லை.
இழுத்தார்கள் என்பது மட்டும்.

மூன்றாம் நாள், பீச் மரங்களுக்குள்,
நிஜமாகவே என்ஜின்.
ஓரத்துப் புல்லை வெட்டியபடி
எதிரே ஊர்ந்து வந்தது டிராக்டர்.
அதற்கு மட்டும் இங்கே அனுமதி.
ஓட்டியவன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல்
இரண்டு விரலை மட்டும் உயர்த்தினான்.

நெடுஞ்சாலையில், நள்ளிரவில்,
முகம் தெரியாத எதிர்வண்டிக்கு
நாங்கள் செய்வது அது.

என் விரல்கள் என்னைக் கேட்காமல் எழுந்தன.
சைக்கிள் ஆடியது.
நேரே செந்தட்டிப் புதரில் போய் விழுந்தேன்.

என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான்.
முழங்கை வரை தீ.
அடிபட்டதா என்று கேட்கவில்லை.
எந்தக் கம்பெனி, என்று கேட்டான்.

சொன்னேன்.
அவர்களா, டயர் மாற்ற மாட்டார்களே, என்றான்.
இன்னும் மாற்றுவதில்லை, என்றேன்.
மார்செய் வரை ஓட்டியிருக்கிறானாம்.
இப்போது எட்டுக் கிலோமீட்டர்,
போக எட்டு, வர எட்டு,
முடித்துத் திரும்பும்போது
தொடங்கிய இடத்தில் புல் வளர்ந்திருக்குமாம்.

சைக்கிளை நிமிர்த்திக் கொடுத்தான்.
ஏறினேன்.
வெட்டிய புல்லின் வாசம்,
மரங்கொத்தி எங்கோ,
இடப்பக்கம் தண்ணீர்.
திரும்பிப் பார்க்கவில்லை,
கேட்டுக்கொண்டே மிதித்தேன்.
நான் வளைவு தாண்டும்வரை
அவன் சாவியைத் திருப்பவில்லை.